யார் வீட்டுச் சாணம்

25 கிலோ பச்சைச் சாணத்தை வறட்டி தட்டிக் காயவைத்தால் ஏறக்குறைய 5 கிலோ தேறும். மண்ணடுப்பில் எரிக்கும்போது அதன் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் பாத்திரத்துக்குப் போய்ச் சேரும். மீதி, புகையும் அனலுமாக அடுப்படி முழுக்கப் பரவும். அதே 25 கிலோவைத் தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத கிணற்றில் விட்டு வைத்தால் சுமார் ஒரு கன மீட்டர் எரிவாயு வரும். அதில் 55 முதல் 60 விழுக்காடு மீத்தேன். அதற்கென்று செய்த பர்னரில் எரித்தால் வெப்பத்தில் பாதிக்கு மேல் சமையலுக்கு உதவும். ஆக, வறட்டியில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான வெப்பம் அதே சாணத்திலிருந்து கிடைக்கிறது. எரிந்து போயிருக்க வேண்டிய தழைச்சத்தும் குழம்பாக மறுபக்கம் வெளியே வந்து வயலுக்கு உரமாகிறது. வேதியியல்படி இந்தக் கணக்கில் பிழை கிடையாது. புகையில்லாத அடுப்படி, கண் எரிச்சல் இல்லாத பெண்கள், வெட்டப்படாத மரங்கள், வாங்க வேண்டியிராத யூரியா என்று அடுக்கப்படும் பலன்களிலும் பொய்யில்லை. அப்படியிருந்தும், நாட்டில் 1 கோடியே 20 லட்சம் வீட்டு எரிவாயுக் கலன்களுக்கு இடமுண்டு என்று மதிப்பிட்ட அரசு, நாற்பதாண்டு காலம் மானியம் கொடுத்துக் கட்டிமுடித்தது 50 லட்சம் அளவுக்குத்தான். கட்டியவற்றிலும் கணிசமானவை சில வருஷங்களில் கைவிடப்பட்டன.

ஏன் என்று கேட்டால் மூன்று பதில்கள் வழக்கமாக வரும். தொழில்நுட்பம் கோளாறு, மக்களுக்கு விவரம் போதாது, அதிகாரிகள் எண்ணிக்கை காட்டுவதற்காகக் கட்டினார்கள். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கோபர் காஸ் எனப்படும் இந்தச் சாண எரிவாயுவின் வரலாற்றை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்தால், இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொன்று கிடப்பது தெரிகிறது. திட்டம் போட்டவர்கள் எல்லோரும் சாணத்தைச் சும்மா கிடைக்கும் பொருளாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த 25 கிலோ யாருக்குச் சொந்தம், யார் அள்ளுகிறார்கள், அள்ளுகிறவர் கைக்கு என்ன வந்து சேர்கிறது என்ற விசாரணை கணக்கில் இடம்பெறவில்லை. அது இடம்பெற்ற இடங்களில் கலன் ஓடியிருக்கிறது. இடம்பெறாத இடங்களில் எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் நின்றுபோயிருக்கிறது.

சாணத்தை எரிப்பது பற்றிய கவலை கோபர் காஸுக்கு மூத்தது. இந்திய விவசாயத்தை ஆராய்ந்து சொல்ல 1889இல் லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார். எருவின் அருமை தெரியாமல் இந்தியக் குடியானவன் அதை அடுப்பில் போட்டு வீணாக்குகிறான் என்பதுதான் அன்றைய வெள்ளை அதிகாரிகளின் பேச்சு. வோல்கர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விறகு கிடைக்கும் ஊர்களில் சாணம் வயலுக்கே போகிறது, விறகு கிடைக்காத இடத்தில்தான் அடுப்புக்குப் போகிறது, குறை குடியானவனின் அறிவில் இல்லை என்பது அவர் கண்டது. எரிபொருளுக்கும் தீவனத்துக்கும் தனியாகக் காடு வளர்த்துக் கொடுங்கள் என்று சர்க்காருக்கு யோசனையும் சொன்னார். நூற்றாண்டு கழித்து வந்த திட்ட வல்லுநர்கள் அவரைப் படித்திருந்தால், எல்லா ஊரிலும் சாணம் எரிகிறது என்ற முடிவோடு வேலையைத் தொடங்கியிருக்க மாட்டார்கள்.

வோல்கர் அதிகம் கவனிக்காத ஒன்றும் உண்டு. தொழுவத்தில் விழும் சாணம் மாட்டுக்காரர் வீட்டுக்குச் சொந்தம். ஊர் மாடு மேய்ச்சலுக்குப் போய் வரும் வழியிலும் புறம்போக்கிலும் அறுவடை முடிந்த வயலிலும் விழுவதோ பொறுக்கினவருக்குச் சொந்தம். எழுதப்படாத இந்த வழக்கம் நாட்டின் பெரும்பகுதியில் இருந்தது. மாடில்லாத வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு மந்தைக்குப் பின்னால் போனார்கள். தட்டிய வறட்டியில் வீட்டு அடுப்புக்குப் போக மிஞ்சியதைச் சந்தையிலும் தெருவிலும் விற்றார்கள். காசில்லாத வீட்டுக்கு அது எரிபொருளாகவும் இருந்தது, கைச்செலவுக்கான வருமானமாகவும் இருந்தது. கோபர் காஸ் கிணறு வெட்டப்பட்ட அன்று அந்த ஊரில் உண்மையில் மாறியது இந்த ஏற்பாடுதான்.

இந்தியாவின் முதல் எரிவாயுக் கலன் 1859இல் பம்பாய் மாட்டுங்கா தொழுநோயர் இல்லத்தில் கட்டப்பட்டது என்று பல நூல்களில் காணலாம். அந்த இல்லம் தோன்றியதே 1890இல். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிப் பரவிய பிழை இது. அங்கே கழிவுநீர்த் தொட்டியிலிருந்து வந்த வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தத் தொடங்கியது 1897இல். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் மலக்கழிவுத் தொட்டியின் வாயுவைக் கொண்டு தெருவிளக்கு எரித்துக் காட்டியிருந்தார்கள். ஆண்டைவிட முக்கியமான ஒன்று, மாட்டுங்காவில் மாட்டுக்கு வேலையே இல்லை என்பது. கலனில் விழுந்தது மனிதக் கழிவு. கொடுத்தவர்கள் ஊர் ஒதுக்கிய நோயாளிகள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கப் போவதில்லை, விலையும் பேசியிருக்கப் போவதில்லை. மூலப்பொருள் ஒரே இடத்தில் சேர்கிறது, உரிமை கோர ஆளில்லை, அள்ளும் வேலையைக் குழாயே செய்துவிடுகிறது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில் கலன் எப்போதுமே நன்றாக ஓடும். சிக்கல் என்னவென்றால், இந்தியக் கிராமம் அப்படிப்பட்ட இடமில்லை.

சாணத்தின் முறை 1930களின் பிற்பகுதியில் வந்தது. டெல்லியில் அன்றைய இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்தைப் புளிக்கவைத்து வாயு எடுக்கும் ஆய்வைத் தொடங்கினார். 1950களின் தொடக்கத்தில் ஜஷ்பாய் படேல், கிராமலட்சுமி என்று பெயரிட்டு ஒரு கலனை உருவாக்கினார். செங்கல் கிணறு, அதன் மேல் கவிழ்த்த இரும்பு டிரம். வாயு சேரச்சேர டிரம் மேலெழும், எரித்தால் இறங்கும். எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். சில திருத்தங்களுக்குப் பிறகு 1960களின் தொடக்கத்தில் கதர் கிராமத் தொழில் ஆணையம் அதைத் தன்னுடைய மாதிரியாக ஏற்றுக்கொண்டது. காந்தியத் தொண்டர்களுக்கு இதில் இருந்த ஈடுபாடு புரிந்துகொள்ளக்கூடியதுதான். பசு, கிராமம், தற்சார்பு, துப்புரவு நான்கும் ஒரே கிணற்றுக்குள் அடங்கிவிட்டன அல்லவா.

அந்தக் கலனின் அன்றாடத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான்கைந்து பேருக்குச் சமைக்க 2 கன மீட்டர் கலன் வேண்டும். அதற்கு நாள்தோறும் 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். ஒரு மாடு போடுவது ஏறக்குறைய 10 கிலோ. அப்படியானால் ஐந்து மாடு. மேயப் போகிற மாடு என்றால் பாதிச் சாணம் வெளியே விழுந்துவிடும், எனவே மாடுகள் கட்டுத்தறியிலேயே தின்ன வேண்டும். காலையில் கலவைத் தொட்டியின் அடித்துளையைக் கட்டையால் அடைத்துவிட்டு, சாணத்தையும் தண்ணீரையும் கொட்டிக் கையால் கரைக்க வேண்டும். வைக்கோல் தும்பும் கல்லும் விரலில் தட்டுப்படும். அவற்றைப் பொறுக்கி வீச வேண்டும், விட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். கட்டி இல்லாமல் கரைந்த பிறகு கட்டையை உருவினால் கரைசல் சரசரவென்று கிணற்றின் அடிக்கு இறங்கும். டிரம்மைப் பிடித்து இரண்டு சுற்று இப்படியும் அப்படியும் திருப்பினால்தான் மேலே படர்ந்த ஏடு உடையும். வாயுக் குழாயில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சுடர் திக்கித் திக்கி எரியும். மறுமுனையில் வழியும் குழம்பைக் குழிக்குத் தள்ள ஆள் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இத்தனையும் பெண்கள் தலையில் விழுந்தன. விறகு பொறுக்கும் நேரம் மிச்சம் என்று அறிக்கைகள் எழுதின. நியாயம்தான். ஆனால் மிச்சமான நேரத்தில் ஒரு பகுதியைக் கலவைத் தொட்டி திரும்ப வாங்கிக்கொண்டது.

1973 எண்ணெய் நெருக்கடி வரைக்கும் இது காந்தியத் தொண்டர்களின் ஆர்வமாகவும் சில வசதியான விவசாயிகளின் பெருமையாகவும் இருந்தது. கச்சா எண்ணெய் விலை பல மடங்கானதும் உரமும் மண்ணெண்ணெயும் சேர்ந்து ஏறின. டெல்லிக்குச் சாணத்தின் நினைவு வந்தது. 1974 ஆகஸ்டில் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழில் சி.ஆர். பிரசாத், கே. கிருஷ்ண பிரசாத், அமுல்ய குமார் ரெட்டி மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆண்டுக்கு 2,30,000 டன் தழைச்சத்து தரும் நிலக்கரி உரத் தொழிற்சாலை ஒன்றையும், அதே அளவு தழைச்சத்துத் தரும் 26,150 ஊர்க் கலன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். முதலீடு ஏறக்குறைய சமம். தொழிற்சாலையில் 1,000 பேருக்கு வேலை, கலன்களில் 1,30,750 பேருக்கு. தொழிற்சாலை ஆற்றலைத் தின்னும், கலன்கள் ஆற்றலைத் தரும். அன்னியச் செலாவணிச் செலவு கலன் பக்கம் இல்லவே இல்லை. பெரிய இயந்திரமே முன்னேற்றம் என்றிருந்த காலத்தில் இந்த ஒப்பீடு பலரை நிமிர்ந்து உட்காரவைத்தது. உலகம் முழுக்க மேற்கோளாகவும் ஆனது. அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனாலும் அந்த அட்டவணையிலும் சாணம் ஊரில் ஏற்கெனவே இருப்பதாக, கலனுக்குள் போய்ச் சேரப்போவதாகத்தான் வைக்கப்பட்டிருந்தது. அந்த அனுமானத்தின் விலை என்ன என்பதை ரெட்டியே பிறகு ஒரு சிற்றூரில் அனுபவித்து அறிந்தார். அதை மறைக்காமல் எழுதவும் செய்தார்.

தொழில்நுட்பத்தின் மேல் பழிபோடும் பதிலை இங்கே எடுத்துக்கொள்ளலாம். இரும்பு டிரம் துருப்பிடித்தது, ஆண்டுதோறும் வர்ணம் பூச வேண்டியிருந்தது, கலனின் செலவில் பெரும்பங்கை விழுங்கியது. எல்லாம் மெய். அதற்கு மாற்றாகச் சீனாவின் நிலத்தடிக் குவிமாடத்தைப் பார்த்து உத்தரப் பிரதேசத்தில் 1978இல் ஜனதா மாதிரி வந்தது. 1984இல் அஃப்ரோ என்ற தொண்டு நிறுவனம் அதையும் சிக்கனப்படுத்தித் தீனபந்து மாதிரியை உருவாக்கியது. இரும்பே கிடையாது, செங்கல், சிமெண்ட், கைதேர்ந்த கொத்தனார் போதும். 1981இல் தொடங்கிய தேசிய எரிவாயு வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இவை லட்சக்கணக்கில் கட்டப்பட்டன. குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விழுந்து வாயு கசிந்தது, மானியப் பணம் கைமாறியதும் பராமரிப்பு மறந்துபோனது என்பதெல்லாம் உண்டு. தொழில்நுட்பமே முதற்காரணம் என்றால், டிரம் போய்க் குவிமாடம் வந்ததும் கலன்கள் கைவிடப்படுவது பெருமளவு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மாட்டை விற்றார்கள், மகன் பிரிந்து போனான், அள்ள ஆளில்லை என்பவையும் துருவுக்குப் பக்கத்திலேயே நிற்கும் காரணங்கள். 2012, 2019 கால்நடைக் கணக்கெடுப்புகளுக்கு இடையே காளைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட 30 விழுக்காடு குறைந்துவிட்டது. டிராக்டர் வந்த தொழுவத்தில் எந்த மாதிரிக் கலனும் பட்டினிதான்.

ஐந்து மாடும், கட்டுத்தறித் தீவனமும், முற்றத்தில் கிணறு வெட்ட இடமும், தண்ணீரும் யாருக்கு இருக்கும்? குஜராத் கலன்களை 1970களில் ஆராய்ந்த டி.கே. மௌலிக் முதலிய அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தினர் கண்டதும் எதிர்பார்க்கக்கூடியதுதான்: கலன் வைத்தவர்கள் நிலமும் மாடும் நிறைய உள்ளவர்கள். மானியம் அவர்களுக்கே போனது. அதோடு முடிந்திருந்தால் வழக்கமான அரசுத் திட்டக் கதை என்று விட்டுவிடலாம். கலனுக்குத் தீனி வேண்டும் என்று ஆனபிறகு, முன்பு வழியில் விட்டுவைத்த சாணத்தையும் மாட்டுக்காரர் சேர்த்து அள்ளத் தொடங்குவார். மாடு வெளியே போவதையே குறைத்துக்கொள்வார். பொறுக்குகிறவர் கூடை காலியாகும். ஒரு வீட்டின் புகை நிற்க, இன்னொரு வீட்டின் எரிபொருள் போய்விடும். இந்த ஆபத்தைப் பொருளாதார அறிஞர்கள் எழுபதுகளிலேயே சுட்டிக்காட்டினார்கள்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, அலட்சியப்படுத்த முடியாத வாதம். பணக்கார வீடு விறகை விட்டுவிட்டால் அந்த விறகு ஏழைக்கு மிஞ்சும், ஆகவே கலன் யார் வீட்டில் இருந்தாலும் ஊருக்கு நன்மையே என்பார்கள். விறகை விலைகொடுத்து வாங்கும் வீடுகள் நிறைந்த ஊரில், அல்லது பொதுக்காட்டில் எல்லோரும் சேர்ந்து வெட்டும் ஊரில் இது பலிக்கும். ஆனால் கலன் வைக்கும் வீடு பெரும்பாலும் தன் நிலத்து மிலாறையும் பருத்திமாரையும் தன் தொழுவத்து வறட்டியையும் எரித்த வீடு. அது மிச்சப்படுத்துவது அதன் சொந்தப் பொருளை. அந்த மிலாறு அடுத்த தெருவுக்குத் தானாக நடந்து போகாது. விலைக்குப் போகும், அல்லது கொட்டகையில் அடுக்கப்படும். இந்த வாதத்தை நான் முழுக்கத் தள்ளவில்லை. ஊருக்கு ஊர் பார்த்துச் சொல்ல வேண்டியதைத் திட்ட அறிக்கை எல்லா ஊருக்கும் பொதுவாக்கிவிட்டது என்கிறேன்.

அப்படியானால் ஊருக்கே ஒரு கலன் கட்டினால் என்ன? ரெட்டி நம்பியது அதைத்தான். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974இல் அவர் தொடங்கிய அஸ்த்ரா என்ற பிரிவு, கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் பூரா என்ற சிற்றூரைத் தேர்ந்தெடுத்தது. 1977இல் அங்கே 56 வீடுகள், 357 பேர். ஊர்ச் சாணம் முழுவதையும் ஒரே கலனில் சேர்த்து எல்லா வீட்டுக்கும் குழாய் வழியாகச் சமையல் வாயு கொடுப்பது முதல் திட்டம். எண்பதுகளின் தொடக்கத்தில் கலன் தயாரானது. திட்டம் விழுந்தது. எல்லா வீட்டுக்கும் இரண்டு வேளைச் சமையலுக்கு ஆகும் அளவு வாயு வரவில்லை, ஏனென்றால் அதற்கு வேண்டிய சாணம் வந்து சேரவில்லை. அந்தப் பகுதியில் வறட்டி எரிக்கும் பழக்கமே கிடையாது. சாணம் நேராக எருக்குழிக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுப்புக்குச் சுள்ளி இருந்தது, பொறுக்கிவந்தால் காசு கொடுக்க வேண்டாம். காசில்லாமல் கிடைக்கும் ஒன்றுக்கு மாற்றாக, அதைவிடக் குறைவாகக் கிடைக்கும் ஒன்றைக் கொடுத்து, பதிலுக்குத் தன் எருக்குழியை ஒருவர் ஏன் காலிசெய்ய வேண்டும்? வோல்கர் இருந்திருந்தால் இதை முன்கூட்டியே சொல்லியிருப்பார்.

பூராவின் அருமை, தோல்வியோடு மூட்டை கட்டிக்கொண்டு போகாமல் ஊராரிடம் உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டதில் இருக்கிறது. குடிநீரும் விளக்கும் என்று பதில் வந்தது. 1987இல் திட்டத்தையே மாற்றினார்கள். வாயுவை டீசலோடு சேர்த்து ஒரு சிறிய எஞ்சினுக்குக் கொடுத்து மின்சாரம் எடுத்தார்கள். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நீர் ஏற்றித் தெருவுக்குக் குழாய், மாலையில் சில மணி நேரம் வீட்டுக்கு டியூப்லைட். அதைவிட முக்கியமான மாற்றம் சாணத்தில் நடந்தது. கொண்டுவருகிற சாணத்தை நிறுத்துப் பார்த்து, வீட்டுக்கு வீடு கொடுத்திருந்த பாஸ்புக்கில் எழுதி, கிலோவுக்கு 2 பைசா வீதம் காசு கொடுத்தார்கள். வாயு பிரிந்த பிறகு மிஞ்சும் எருவை அவரவர் கொடுத்த அளவுக்கு ஏற்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஆக, சாணம் அவரவருடையதாகவே இருந்தது. ஊர் எடுத்துக்கொண்டது அதிலிருந்த வாயுவை மட்டும். சுமந்து வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். சுமப்பதற்குக் காசு அவர்கள் கைக்கு வந்தது, தண்ணீர் சுமக்கும் தூரம் குறைந்தது. இரண்டு உள்ளூர் இளைஞர்கள் எஞ்சினைப் பார்த்துக்கொண்டார்கள். விளக்குக் கட்டணம் வசூலானது. அதே ஊர், அதே மாடுகள், அதே கலன்தான். ஏற்பாடு மட்டும் மாற, ஏறக்குறைய பத்தாண்டு ஓடியது.

பூராவும் தொண்ணூறுகளில் நின்றுபோனதே என்று கேட்கலாம். நின்றது உண்மை. வெளியிலிருந்து வந்த விஞ்ஞானிகளின் தோள் இல்லாமல் ஊர்ச் சபை அதைத் தாங்கவில்லை என்பதை ரெட்டி தம் பிற்காலக் கட்டுரையில் ஒளிவுமறைவின்றி அலசியிருக்கிறார். ஆனால் நின்றதற்கும் முதல் திட்டம் ஓடாததற்கும் வேறுபாடு உண்டு. முதல் திட்டத்துக்குச் சாணமே வரவில்லை. இரண்டாவதில் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பொது நிர்வாகம் நொடித்தது வேறு பிரச்சினை. அதைக் காட்டி, சாணத்துக்குக் காசு கொடுத்த ஏற்பாடே வீண் என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டு அனுபவமும் இதே பக்கம்தான் சாய்கிறது. சீனாவில் எழுபதுகளின் இறுதிக்குள் 70 லட்சம் குழிகள் கட்டியதாகக் கணக்கு. சிச்சுவான் மாகாணம் முன்னால் நின்றது. கம்யூன் காலத்தில் பன்றி எருவைக் கூட்டுப்பண்ணைக்குக் கொடுத்தால் வேலைப்புள்ளி கிடைத்தது. அதாவது எருவுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு விலை இருந்தது. அவசரக் கட்டுமானத்தில் லட்சக்கணக்கான குழிகள் சில ஆண்டுகளில் பாழாயின. மறுபடி கட்டினார்கள், 2010களில் 4 கோடியைத் தாண்டியது. பிறகு பன்றி வளர்ப்பு வீட்டுக் கொல்லையை விட்டுப் பண்ணைகளுக்குப் போனது, இளையவர்கள் நகரத்துக்குப் போனார்கள், குழிகள் வறண்டன. நேபாளம் வேறுவிதம். 1955இல் பி.ஆர். சோபோல் என்ற பாதிரியார் கோதாவரியில் ஒரு பள்ளியில் கட்டிக்காட்டிய கலனில் தொடங்கி, 1992இல் வந்த எரிவாயு ஆதரவுத் திட்டத்தின் வழியாக இன்று மூன்று லட்சத்துக்கும் மேல். கட்டும் நிறுவனம் உத்தரவாதம் தரவேண்டும், தரம் குறைந்தால் தண்டம் என்ற கண்டிப்பு அங்கே பலன் தந்தது என்று சொல்வார்கள், சரிதான். ஆனால் அந்தக் கண்டிப்பு வேலை செய்ததற்கு அடிப்படை, மலையடிவாரத்தில் சிறு விவசாயி வீட்டிலும் ஒன்றிரண்டு எருமை தொழுவத்தில் கட்டிக்கிடந்ததுதான். சாணத்தின் சொந்தக்காரரும் அடுப்பின் சொந்தக்காரரும் அங்கே ஒரே வீடு.

சமையல் எரிவாயு சிலிண்டர் வந்தபிறகு இந்தப் பேச்செல்லாம் எதற்கு என்பது இன்றைக்கு வலுவான ஆட்சேபம். தமிழ்நாட்டில் 2007இல் இலவச அடுப்பும் இணைப்பும், நாடெங்கும் 2016இல் உஜ்வலாவும் வந்தன. 2 கன மீட்டர் கலன் ஒழுங்காக ஓடினால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றின் வேலையைப் பதினாறு பதினேழு நாளில் செய்துவிடும். மாதத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு சிலிண்டர். ஆனாலும் ஐந்து மாட்டுக்காரர் சிலிண்டரைத்தான் தேர்ந்தெடுத்தார். தினமும் 50 கிலோவைக் கையால் கரைப்பதற்கு அவர் வீட்டில் ஒரு விலை இருந்தது, அந்த விலை சிலிண்டர் விலையைத் தாண்டிவிட்டது. இது பகுத்தறிவுள்ள முடிவு; சோம்பேறித்தனம் என்று திட்டுவதில் பொருளில்லை. அதே சமயம், உஜ்வலா இணைப்புப் பெற்ற ஏழை வீடுகள் பலவற்றில் இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்குப் பணமில்லாமல் விறகடுப்பு திரும்பிவிட்டது. அந்த வீட்டுக்குக் கோபர் காஸ் மாற்றாகாது, ஏனென்றால் அங்கே மாடு இல்லை. கலன் வைக்க முடிந்தவருக்குக் கலன் தேவைப்படவில்லை, தேவைப்பட்டவருக்கு வைக்க முடியவில்லை. இரண்டு மானியங்களும் ஒன்றையொன்று பார்க்காமலே கடந்து போயின.

மனிதக் கழிவின் பக்கம் திரும்பியவர்கள் குறைவு. மகாராஷ்டிரத்தில் காந்தியத் தொண்டர் அப்பாசாகேப் பட்வர்தன் காட்டிய வழியில், புனே அருகே தேஹூ கிராமத்தில் மருத்துவர் எஸ்.வி. மாபுஸ்கர் கழிப்பறையோடு இணைந்த கலன்களைப் பரப்பினார். பாட்னாவில் 1982இல் சுலப் நிறுவனம் பொதுக் கழிப்பறையோடு ஒன்றை இணைத்தது. மூலப்பொருளுக்கு உரிமைச் சண்டை இல்லை, அள்ளும் கைகளும் தேவையில்லை. மறுப்பு அடுப்படியிலிருந்து வந்தது. சாதி அருவருப்பைச் சுமத்திவைத்த ஒரு பொருளிலிருந்து வரும் நெருப்பில் சோறாக்க வீடுகள் தயங்கின. அதனால் இதன் பரவல் மெதுவாகவே இருந்தது.

நகரத்துக்கு வந்தால் சாணத்தின் இடத்தில் ஈரக்குப்பை. கோயம்பேடு சந்தையில் 2005இல் நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது. கழிவு அங்கே மலைபோலக் குவிந்து கிடந்தது. ஆனால் வாழைமட்டையும் பூவும் பிளாஸ்டிக்கும் கயிறும் சேர்ந்து வருவதைப் பிரித்துத் தருவது யார் பொறுப்பு என்பது தீராத கேள்வியாக இருக்க, ஆலை ஓடியும் நின்றும் காலம் தள்ளியது. 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட இந்தூர் ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையை வாங்குகிறது. அதன் ஜெர்மன் இயந்திரங்களைப் பற்றித்தான் செய்திகள் அதிகம் பேசின. வீட்டு வாசலிலேயே ஈரக்குப்பையைத் தனியாக வாங்கும் ஏற்பாட்டை அந்த நகரம் ஆலைக்குப் பல ஆண்டுகள் முன்பே பழக்கிவிட்டிருந்தது என்பதை ஓரமாகச் சொன்னார்கள். ஆலையை நடத்தும் நிறுவனம் மாநகராட்சிக்கு ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி ரூபாய் தருகிறது. குப்பையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி நகரம் காசு கொடுப்பதுதான் பழைய வழக்கம். இங்கே திசை மாறியிருக்கிறது. அந்தத் தொகையில் வாசல் வாசலாக நின்று வாங்கும் ஊழியருக்கு எவ்வளவு போகிறது என்று எந்தச் செய்தியும் கேட்கவில்லை.

இப்போது சாணத்துக்கு வெளிப்படையாகவே விலை வந்துவிட்டது. 2020 ஜூலையில் சத்தீஸ்கர் அரசு கிலோ 2 ரூபாய்க்குச் சாணம் வாங்கத் தொடங்கியது. மாடில்லாதவர்களும் பொறுக்கிவந்து விற்றார்கள். வாங்கியதில் பெரும்பகுதி மண்புழு உரத்துக்குப் போனது, எரிவாயுவுக்குச் சிறிதளவே. 2018இல் மத்திய அரசு, 5,000 அழுத்தப்பட்ட எரிவாயு ஆலைகளை ஐந்தாண்டுக்குள் கொண்டுவரும் இலக்கோடு சதத் திட்டத்தை அறிவித்தது; கெடு முடிந்தபோது எழுந்திருந்தவை அதில் மிகச் சிறு பங்கு. அவை நம்பியிருந்த கரும்பாலைச் சேறு முன்பெல்லாம் லாரி கொண்டுவந்தால் அள்ளிப்போகலாம் என்றிருந்தது, எரிவாயு ஆலைகள் வந்ததும் விலை ஏறிவிட்டது. குஜராத்தில் ஆனந்த் மாவட்டத்து ஜகரியாபுரா கிராமத்தில் தேசியப் பால்வள வாரியம் வேறு கோணத்தில் முயன்றது. பால் ஊற்றும் பெண்களின் வீடுகளில் சிறு கலன் அமைத்து, வாயுவை வீட்டுக்கே விட்டுவிட்டு, கலனிலிருந்து வழியும் குழம்பைப் பெண்களின் சங்கம் தரம் பார்த்து விலைக்கு வாங்குகிறது. கலவைத் தொட்டியில் கைவிட்டுக் கரைப்பவர் பெயரிலேயே பணம் விழுகிறது. கலன் கிடைத்திருப்பது மாடுள்ள வீடுகளுக்கு.